பிக்கெட் டீச்சர் சொன்னதும் பிள்ளைகள் கேட்டதும்

மகிழினிக்கு இரண்டு காதுகளிலும் ஒரே பெண்ணின் குரல்தான் கேட்கும். வலது காதில் அந்தப் பெண் உண்மையில் பேசியது. இடது காதில், அரை நொடி கழித்து, அவர் பேசியதாகப் பிள்ளைகள் கேட்பது. அசலும் மாற்றுக்குரலும் ஒட்டிய இடம் வெளியே தெரிகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. தெரியாவிட்டால் பச்சைப் பொத்தான். தெரிந்தால் மஞ்சள், இயந்திரம் குரலை இன்னும் கொஞ்சம் இழைத்துக்கொள்ளும். சிவப்பு ஒன்றும் இருந்தது. அதை அழுத்தினால் மாற்றுக்குரல் நின்று, அசல் குரலே வகுப்புக்குப் போய்விடும். இயந்திரம் அடியோடு மக்கர் செய்தால் மட்டும் தொட வேண்டிய பொத்தான். சேர்ந்து ஏழு மாதமாகியும் அவள் அதைத் தொட்டதில்லை.

அலுவலகம் கோவை சரவணம்பட்டியில் ஐந்தாவது மாடி. பிற்பகலில் முந்தின நாள் பாடங்களைச் சரிபார்ப்பார்கள். மாலை ஆறரைக்கு அமெரிக்காவின் தென்மாநிலமொன்றில், மார்லோ கவுண்டி என்னும் சிறு மாவட்டத்தில், பள்ளி மணி அடிக்கும். முதல் பீரியடை மட்டும் நேரலையில் கேட்க வேண்டும்.

அந்த ஊர்ப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் காதில் வெளிச்சத்தத்தை அடைக்கும் இயர்பட் போட்டிருந்தார்கள். ஆசிரியர் சட்டைக் காலரில் மைக். சத்தமில்லாமல் தெளிவாகக் கேட்கத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மென்பொருளின் பெயர் 'நேர்க்குரல்'. சொற்களையே மாற்றும் என்ற சங்கதி, ஆசிரியர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் நாற்பதாவது பக்கத்தில், 'உள்ளடக்கச் சீராக்கம்' என்று இரண்டே சொல்லில் இருந்தது.

சேர்ந்த புதிதில் மகிழினி தன் குழுத் தலைவர் லோகநாதனிடம் கேட்டாள். "டீச்சரோட வாயைப் பாத்தா பிள்ளைங்க கண்டுபுடிச்சிர மாட்டாங்களா சார்?"

"இந்தக் காலத்துல எந்தப் பிள்ளைங்க டீச்சர் மூஞ்சியப் பாக்குது? எல்லாம் கையில இருக்கற டேப்லெட்டுப் பலகையத்தான் பாக்குது," என்றார் லோகநாதன். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசாதவர். "முகத்தை மாத்தற வேலை இன்னும் நம்ம கைக்கு வரலீங்க. வரும்."

"எதுக்குங்க சார் மாத்தோணும்?"

"அங்க ஒரு சட்டம் இருக்குதுங்க. பிள்ளைங்க மனசு நோகற மாதிரி சரித்திரம் நடத்துனா டீச்சருக்கு லைசென்ஸ் போயிரும். இவங்க என்ன பேசுனாலும் நாம அதைச் சட்டத்துக்குள்ள கொண்டாந்து வச்சர்றோம். ஒரு விதத்துல பாத்தா, நாம அவங்கள காப்பாத்தறமுங்க."

அந்தப் பதில் அவளுக்கு அப்போது போதுமானதாக இருந்தது.

அவளுக்கு ஒதுக்கப்பட்டவர் லெனோரா பிக்கெட். எட்டாம் வகுப்புக்குச் சரித்திரம். அறுபத்தொரு வயதுக் கறுப்பினப் பெண்மணி. முப்பத்தைந்து வருடமாக அதே பள்ளி. வகுப்பறைக் கேமராவில் அவர் முகம் உள்ளங்கை அளவுக்குத் தெரியும். பேச ஆரம்பிக்கும் முன் கீழுதட்டை ஒருமுறை மடித்துக்கொள்வார்.

அக்டோபரில் மறுசீரமைப்புக் காலப் பாடம் வந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தனம் ஒழிந்து, விடுதலை பெற்றவர்கள் நாட்டின் குடிமக்களாக எழுந்து நின்ற பன்னிரண்டு வருடங்கள்.

வலது காதில் பிக்கெட் டீச்சர் சொன்னார்: "போர் முடிஞ்சு ரெண்டே வருஷத்துல, அடிமையா இருந்த ஆம்பளைங்க வரிசையில நின்னு ஓட்டுப் போட்டாங்க. பகல்ல பருத்தி எடுத்துட்டு, சாயந்தரம் அப்பாவும் மகளும் ஒரே பெஞ்சுல உக்காந்து எழுத்துப் படிச்சாங்க. தெற்கு முழுக்க ரெண்டாயிரம் பேர் பக்கம் கறுப்பு மக்கள் பதவிக்கு வந்தாங்க. நம்ம கவுண்டியில ஜெயிச்சவர் பேரு ஐசக் பிக்கெட். என் தாத்தாவோட தாத்தா. அடுத்த தேர்தல் நாளன்னிக்கு கோர்ட்டுப் படிக்கட்டுல வச்சு அவரைச் சுட்டுட்டாங்க. சுட்டது யாருன்னு ஊருக்கே தெரியும். ஒருத்தர் மேலயும் வழக்கு வரல. அப்புறம் ஒவ்வொருத்தரா ஓட்டுரிமையைப் பறிச்சாங்க. அதைத் திரும்ப வாங்க நூறு வருஷம் ஆச்சு."

இடது காதில், அதே குரலில், அதே மூச்சில், நடுவில் வந்த இருமல் உட்பட: "போருக்குப் பிறகு பல மாற்றங்கள் வந்தன. அனுபவமில்லாதவர்கள் பொறுப்புக்கு வந்ததால் குழப்பம் மிகுந்தது. பிறகு ஊர்ப் பெரியவர்கள் ஒன்றுகூடி அமைதியை மீட்டார்கள்."

ஒட்டு எங்கேயும் தெரியவில்லை. மகிழினி பச்சையை அழுத்தினாள். விரலை எடுக்கத்தான் கொஞ்சம் நேரமானது.

நவம்பரில் தேர்வு வைத்தார்கள். முப்பத்தொரு பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே விடையை எழுதியிருந்தார்கள். அனுபவமில்லாதவர்கள். குழப்பம். அமைதி. பிக்கெட் டீச்சர் தாள்களை மேசையில் வைத்தார். "இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த இமானி என்ற சிறுமி, "நீங்கதான் மேம்," என்றாள்.

அந்த வாரமே இமானியின் அப்பா பள்ளிக்கு வந்தார். அவரும் கறுப்பினத்தவர். சர்ச்சில் டீச்சருக்கு இரண்டு பெஞ்சு தள்ளி உட்காருகிறவர். டீச்சர் காலர் மைக்கைக் கழற்ற மறந்திருந்ததால் அந்தப் பேச்சும் மகிழினியின் மறுநாள் பதிவில் இருந்தது. "வேற யாராவது சொல்லியிருந்தா எனக்கு ஆத்திரம் வந்திருக்கும் மிஸ் பிக்கெட். நீங்க சொல்லியிருக்கீங்கன்னதும் எனக்குக் கோவம் கூட வரல. நீங்களே சொன்னா நெசமாத்தான் இருக்கும்னு படுக்கப் போயிட்டேன்," என்றார்.

"நான் அப்படிச் சொல்லவேயில்ல, மார்கஸ்."

உடனிருந்த பள்ளி முதல்வர் வகுப்புப் பதிவை ஓட்டிக் காட்டினார். தன் குரலை, தன் இருமலை, தான் சொல்லாத வாக்கியங்களை அந்த அம்மாள் முழுதாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "எனக்கு ஞாபகமில்ல," என்று மட்டும் சொன்னார். முதல்வர் அன்பாகத்தான் பேசினார். ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

அதன் பிறகுதான் மகிழினிக்கு அந்த வேலை தாங்க முடியாததாயிற்று. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பின், காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பிக்கெட் டீச்சர் பாடத்தை மறுபடி சொல்லிப் பார்ப்பார். ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, சொன்னதை ஒரு நோட்டில் எழுதி, எழுதியதை உரக்கப் படித்து, "சரியாத்தான் சொன்னேன்," என்பார். மறுநாள் வகுப்பில் ஏதாவதொரு பிள்ளை வேறு மாதிரி திருப்பிச் சொல்லும். அன்று மாலை மறுபடி காலி பெஞ்சுகள், மறுபடி நோட்டு. டிசம்பரில் டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஜனவரியில் அவர் குரலில் ஒரு இழுவை வந்தது. இயந்திரம் இரண்டே நாளில் அந்த இழுவையையும் பழகிக்கொண்டது.

மகிழினி லோகநாதனிடம் போனாள். "அந்தம்மா தனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனைக்கறாங்க சார். ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

லோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னா என்னாகும்? அந்தம்மா சத்தம் போடும். சட்டம் பாயும். வேலை போயிரும். இப்ப மாத்திரையோட போச்சு. ரிட்டயர் ஆக ஒரு வருசந்தான் இருக்குது. கம்முனு விட்டுருங்க மகிழினி."

"நமக்கு இப்படிப் பண்ணுனா சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உங்களை வேற டீச்சருக்கு மாத்திரட்டுமா?" என்று கேட்டார். அவள் வேண்டாமென்றாள். தான் போய்விட்டால் அந்தக் குரலைக் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அன்னூர்ப் பக்கம் தன் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா ரங்கம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அருந்ததியர் தெருவிலிருந்து முதன்முதலாக ஊராட்சித் தலைவரானவள் அவள். இடஒதுக்கீட்டில் நின்று ஜெயித்து, இரண்டு வருடத்தில் தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். ஏன் வந்தாள் என்று மகள் கேட்டபோதெல்லாம், உடம்புக்கு முடியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"அந்த டீச்சரம்மாவுக்குத் தெரியுமா, தான் பேசறது போய்ச் சேரலைன்னு?"

"தெரியாதும்மா."

"அப்பத் தன்னையத்தான குத்தஞ் சொல்லிக்கும்." அம்மா கீரையைக் கீழே வைத்தாள். "கூட்டத்துல நான் வாயைத் தொறந்தா மெம்பருங்க பூராப் பேரும் போனை நோண்டிட்டு இருப்பாங்க அம்மிணி. ஒருத்தன்கூட நிமுந்து பாக்க மாட்டான். திட்டுனாக்கூட பரவால்ல. ஒரு வருசம் போச்சு. அப்பறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நான் பேசறது சத்தமா வருதா, மனசுக்குள்ளயே பேசிக்கறனான்னு. ஊட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு ஒருக்கா கத்திப் பாத்தேன். அன்னைக்குத்தான் எழுதிக் குடுத்தேன்."

"என்கிட்ட சொல்லவேயில்லயேம்மா."

"சொன்னா மட்டும் உனக்குக் கேக்குமான்னு இருந்துச்சு," என்றாள் அம்மா.

அடுத்த நாள் மாலை ஆறரைக்கு மணி அடித்தது. பிக்கெட் டீச்சர் அன்று மறுசீரமைப்புக் காலத்தை மறுபடி நடத்தப் போவதாகச் சொன்னார். முதல்வர் அனுமதித்திருந்தார், போனமுறை குழம்பிவிட்டதாக டீச்சரே ஒப்புக்கொண்டு கேட்டிருந்தார். கீழுதட்டை மடித்துக்கொண்டு, நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கத் தொடங்கினார். மகிழினி சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

முதன்முறையாக இரண்டு காதுகளிலும் ஒரே சொற்கள் கேட்டன.

அப்பாவும் மகளும் உட்கார்ந்த பெஞ்சு வந்தது. இரண்டாயிரம் பேர் வந்தார்கள். கோர்ட்டுப் படிக்கட்டு வந்தபோது பிள்ளைகள் பலகையிலிருந்து நிமிர்ந்திருந்தார்கள். எச்சரிக்கை விளக்கு மகிழினியின் திரையில் விட்டு விட்டு எரிந்தது. அடுத்த மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். மகிழினி விரலை எடுக்கவில்லை.

இமானி கை தூக்கினாள். "மேம், போன தடவை நீங்க இப்படிச் சொல்லலையே."

"எப்படிச் சொன்னேன்?"

அந்தப் பெண் சொன்னாள். வார்த்தை பிசகாமல், மனப்பாடமாக. பிக்கெட் டீச்சர் கேட்டுக்கொண்டே நோட்டைப் பார்த்தார். பிறகு இமானியின் காதைப் பார்த்தார். மகிழினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் கோபம் வரவில்லை. மூன்று மாதமாகக் காலி பெஞ்சுகளிடம் தன்னை நிரூபித்துக்கொண்டிருந்த ஒரு மனுஷி, தான் நல்ல புத்தியோடுதான் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்ட முகம் அது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் காதுல இருக்கறதைக் கழட்டுங்க," என்றார். தன் காலர் மைக்கையும் பிடுங்கினார்.

அத்துடன் ஒலி நின்றுவிட்டது. மீதி வகுப்பை மகிழினி ஓசையில்லாப் படமாகப் பார்த்தாள். மொத்தம் பத்தொன்பது நிமிடம்.

லோகநாதன் அவள் மேசைக்கு வந்து நின்றபோது அவள் தன் பையை எடுத்து வைத்திருந்தாள். அவர் திட்டவில்லை. லிப்ட் வரை கூடவே வந்தார். "அந்தம்மாவைக் காப்பாத்தியிருக்கலாமுங்க," என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. பிக்கெட் டீச்சரை இடைநீக்கம் செய்தார்கள். மகிழினி நடந்ததையெல்லாம் கையால் நான்கு பக்கம் எழுதிப் பள்ளி முகவரிக்கு அனுப்பினாள். அது கைமாறிக் கைமாறி ஐந்து வாரம் கழித்து உரியவரிடம் சேர்ந்தது. பதிலும் கையெழுத்திலேயே வந்தது. மாத்திரைகளை நிறுத்திவிட்டதாக முதல் வரி. அடுத்தது: கல்வி வாரியம் மே மாதம் பொது விசாரணை வைக்கிறது. இத்தனை நாளும் சட்டப்படிதான் நடத்தினேன், அந்த ஒரு நாள் மட்டும் நிலை தவறிப் பேசினேன் என்று பதிவுகளை வைத்துச் சொல்கிறார்கள். ஒப்புக்கொண்டால் ஓய்வு பெற்றுப் போகலாமாம். மாற்றியதை அறிந்தவர் உங்களைத் தவிர எனக்கு யாருமில்லை. திரையில் வந்து சொல்ல முடியுமா?

காந்திபுரத்தில் தெரிந்த வக்கீல் ஒருவரின் அறையில், மாலை ஏழு மணிக்கு, மகிழினி திரைக்கு முன் உட்கார்ந்தாள். அம்மாவும் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அங்கே காலை. பெரிய கூடம். நாற்பது, ஐம்பது பேர். வாரிய உறுப்பினர் ஐவர் மேடையில். எல்லார் காதிலும் இயர்பட். முன்வரிசை ஓரத்தில் பிக்கெட் டீச்சர் தனியாக இருந்தார். விசாரணைக்கென்று அவர் காதிலும் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்.

மகிழினி ஆங்கிலத்தில் பேசினாள். தான் செய்த வேலை, மூன்று பொத்தான்கள், வலது காது, இடது காது. டீச்சர் அக்டோபரில் சொன்னது என்ன, பிள்ளைகள் கேட்டது என்ன என்று தேதியோடு சொன்னாள். "அவர் ஒரு நாளும் குழம்பவில்லை. குழப்பியது நாங்கள்," என்றாள்.

சுவரோரத்திலிருந்து அம்மா மெதுவாகச் சொன்னாள். "அம்மிணி, நீ சொல்றதுக்கு அவுங்க இப்புடித் தலையாட்ட மாட்டாங்களே."

மகிழினி கூடத்தைப் பார்த்தாள். உறுப்பினர்கள் நிம்மதியாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் புன்னகைத்தார். அவள் பேச்சை நிறுத்தியதும் வாரியத் தலைவர் சொன்னார்: "மிக்க நன்றி. உங்கள் கவனக்குறைவால் ஒரு நாள் இயந்திரம் பழுதானது என்று இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்டதற்குப் பாராட்டுகள்."

"நான் அப்படிச் சொல்லவில்லை," என்றாள். தலைவர் இன்னும் கனிவாகப் புன்னகைத்தார். அவள் குரலை உயர்த்தினாள். கூடத்தில் யாரோ கைதட்டினார்கள். ஏழு மாதம் தான் இழைத்துக் கொடுத்த வேலை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அவள் அப்போதுதான் வெளியிலிருந்து பார்த்தாள்.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது பிக்கெட் டீச்சர் கண்ணில் பட்டார். அவர் தன் காதிலிருந்ததைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். தலைவரைப் பார்க்கவில்லை. பெரிய திரையில் மகிழினியின் உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகிழினி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். முதலிலிருந்து தொடங்கினாள். இந்தமுறை ஒவ்வொரு சொல்லையும் வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

பிக்கெட் டீச்சர் எழுந்து நின்றார். கூடத்தைத் திரும்பிப் பார்த்துக் கீழுதட்டை மடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். மகிழினியின் அறையில் அவர் குரல் கேட்டது: "எனக்கு வயதாகிவிட்டது. யார்மேலும் எனக்குக் குறையில்லை. என்னைப் போகவிடுங்கள்." நடுக்கமும் இழுவையும் அப்படியே இருந்தன. ஆனால் உதடுகள் அதைப் பேசவில்லை. ஏழு மாதம் அந்த வாயசைவோடு வாழ்ந்தவளுக்கு அது தெரியும். அந்த உதடுகள் அவள் சொன்னதை, வரி வரியாக, அவளுக்கு ஒரு சொல் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தன.

தலைவர் கையமர்த்தினார். காவலர் ஒருவர் நடந்து வந்தார். டீச்சர் நிறுத்தவில்லை. மகிழினியும் நிறுத்தவில்லை. கண்ணீர் அவள் கண்ணை மறைத்தது. துடைத்தால் வாய் மறையும் என்று துடைக்காமலே பேசினாள். இரண்டாவது வரிசையில் இமானியின் அப்பா டீச்சரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் காதுக்குக் கையைக் கொண்டுபோனார். அவர் பக்கத்தில் ஒரு பெண். பின்னால் இரண்டு பேர். அப்புறம் அங்கங்கே இன்னும் சிலர்.

'இணைப்பில் தடங்கல்' என்று எழுத்து வந்து திரை கறுத்துப் போனது.

வக்கீல் மீண்டும் மீண்டும் இணைத்துப் பார்த்தார். பலனில்லை. அம்மா எழுந்து வந்து மகளின் தோளில் கைவைத்தாள்.

"எத்தனை பேரு கழட்டுனாங்க?"

"பதினொரு பேரும்மா," என்றாள் மகிழினி.